நிறைகுட மேசையில் ஒரு கொம்பியூட்டர்

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்தது ஆறு பேரை. அதில் பெற்றது நாலு, மற்ற இரண்டும் என் தங்கச்சி விட்டுப்போனவை. ஆறு பேருக்கும் எந்தக் கறி இறங்காது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும். எழுத்து மட்டும் கொஞ்சம் குறைவு. என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை வாசிப்பேன், அதற்கு மேல் போனால் எழுத்துகள் என்னோடு கோபித்துக்கொள்ளும். அதனால் இதை நான் சொல்ல, பேத்தி போனில் தட்டுகிறாள். கதைக்கிற மாதிரி எழுதாதே, பேப்பரில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்லப்போவது என் மருமகள் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு டேட்டாபேஸை வைத்து ஓட்டிய கதை.

எங்கள் வீடு திருகோணமலையில், கோயிலுக்குப் போகிற ஒழுங்கையில் இருக்கிறது. மொட்டைமாடியில் ஏறினால் துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். என் மகன் துறைமுகத்தில் வேலை. வருவான், சாப்பிடுவான், படுப்பான், போவான். வீட்டை ஓட்டுவது நானும் மருமகளும். நான் ஓட்டுகிறேன் என்று நான் சொல்வேன், தான் ஓட்டுகிறேன் என்று அவள் நினைப்பாள்.

அவள் திரியாய் என்கிற ஊர்ப் பிள்ளை. நெல்லு விதைக்கவும் தெரியும், மீன் வெட்டவும் தெரியும். சின்ன வயதில் ரீச்சராக வரவேண்டும் என்று இருந்தவளாம். பிரச்சினை காலத்தில் ஊர் விட்டு ஊர் ஓடினதில் படிப்பு பாதியில் நின்றுபோனது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. அவளுடைய கடைசிப் பிள்ளை, இப்போது இதைத் தட்டிக்கொண்டிருக்கிறவள், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, தான் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகப்போவதாக மருமகள் ஒருநாள் சொன்னாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் அந்த வகுப்பு. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் அவளுடைய பிள்ளைகளின் வயது.

"இந்த வயசில உனக்கேன் பிள்ளை இது?" என்று கேட்டேன்.

"மாமி, என்ர மூண்டும் வளந்திட்டுதுகள். இனி என்ன செய்யிறது, உங்களை வளக்கட்டோ?" என்றாள்.

மகன் சாப்பாட்டுக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். நான் அவனுக்கு அன்று இரண்டாம் தரம் சோறு போடவில்லை.

வகுப்பு முடிகிற நேரம், படிப்பிக்கிற சேர் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் கொம்பியூட்டரில் ஏதாவது ஒன்றைச் செய்து, அதை ஒருநாள் உண்மையான சனங்கள் பாவிக்க வேண்டும். சேர் நேரில் வந்து பார்ப்பார். ஓடினால் பாஸ். மருமகளுக்கு இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவள் பாஸ் பண்ணினால், வீட்டுப் பெண்களுக்கென்று தொடங்க இருக்கிற பின்னேர வகுப்பை அவளே படிப்பிக்கலாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மகன்தான் சொன்னான். எனக்கு முதலில் வந்த யோசனை, பின்னேரத்தில் ஆர் புட்டு அவிப்பது என்பது.

அவள் எடுத்துக்கொண்ட விஷயம் செருப்பு.

திருவிழா வந்தால் எங்கள் ஒழுங்கைக்குள் வாகனம் வராது. சனம் செருப்பை எங்கள் வாசல் படலையடியில் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்கு நடக்கும். மாதர் சங்கம் எங்கள் முற்றத்தில் செருப்புப் பார்க்கிற இடம் ஒன்று நடத்தும். சங்கத் தலைவி பக்கத்து வீட்டுக்காரி. காவல் நான்தான், கதிரை போட்டு இருப்பேன். ஆனாலும் வருஷா வருஷம் பழஞ்செருப்போடு வந்தவன் புதுச்செருப்போடு போவான். புதுச்செருப்போடு வந்தவன் என்னோடு சண்டைக்கு வருவான். ஒரு வருஷம் என் செருப்பே போய்விட்டது.

மருமகள் யோசித்தது இதுதான். நம்பர் போட்ட பெட்டிகள் அடுக்கி வைப்பது. வருகிறவர் தன் போன் நம்பரைச் சொன்னால் அதைக் கொம்பியூட்டரில் தட்டி, செருப்பைக் காலியான ஒரு பெட்டியில் வைப்பது. திரும்பி வந்து நம்பரைச் சொன்னால் எந்தப் பெட்டி என்று கொம்பியூட்டர் சொல்லும். பெட்டி காலியானதும் அடுத்தவருக்கு.

"துண்டு ஒண்டு எழுதிக் குடுத்தால் முடிஞ்சுது தானே?" என்று கேட்டேன்.

"மாமி, வேட்டியில பொக்கற் இருக்கோ?"

இருக்கவில்லைதான். போன வருஷம் கொடுத்த துண்டுகளைப் பாதிப் பேர் தேங்காய் உடைக்கிற இடத்தில் தொலைத்துவிட்டு வந்தார்கள். அதனால் நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தேன் என்றால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம் இல்லை.

நம்பர்களை வைத்திருக்கிற அந்த டேட்டாபேஸ் காசு கொடுத்து வாங்குகிற சாமான் இல்லை, சும்மா கிடைக்கும். இன்டர்நெட்டில் இருந்து இறக்க வேண்டும். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருவது குசினி ஜன்னலில் மட்டும். அங்கே போனை வைத்துவிட்டு, இறக்கி முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்றாள். ஜன்னலுக்குக் கீழேதான் நான் தேங்காய் துருவுகிற இடம். போனில் தேங்காய்ப்பூ விழக்கூடாதென்று நான் என் வீட்டில், என் துருவலையோடு, சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்து துருவினேன்.

இறக்கினதை வைக்கப் போனால் அது இருக்க மாட்டேன் என்றது. எங்கள் கொம்பியூட்டரின் ஏற்பாடு ஒருவிதம், இந்த டேட்டாபேஸ் பிறந்து வளர்ந்த ஏற்பாடு இன்னொருவிதமாம். அதற்காகக் கொம்பியூட்டருக்குள்ளேயே இன்னொரு சின்ன அறை திறந்து, அதற்குப் பழக்கமான மாதிரி ஒழுங்கு செய்து, அதற்குள்ளே இருத்த வேண்டுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சில சம்பந்திமார் இப்படித்தான் வருவார்கள். வீடு பெரிதாக இருந்தாலும் தனி அறை, தனிச் சமையல். இருத்தி எடுக்கும்வரை வீட்டுக்காரருக்கு நித்திரை இல்லை.

அந்த அறையைத் திறக்கும்போது அது கடவுச்சொல் கேட்டது. அவள் தட்டுகிறாள், திரையில் ஒன்றும் விழவில்லை. திரும்பத் தட்டுகிறாள், ஒன்றும் இல்லை. தட்டுகிற பலகையைக் கவிழ்த்து உதறினாள். அதிலிருந்து ஒரு தேங்காய்ப்பூத் துண்டு விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகுதான் வகுப்புப் பொடியன் ஒருவனிடம் கேட்டு அறிந்தாள், கடவுச்சொல் தட்டும்போது அது ஒன்றும் காட்டாதாம், அதன் வழக்கமே அப்படியாம். தேங்காய்ப்பூவில் பிழை இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

ஒருவழியாக அது இருந்துவிட்டது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க "பிங்" என்று இங்கிலீசில் நாலு எழுத்துத் தட்ட வேண்டும். உயிரோடு இருந்தால் அது "பொங்" என்று பதில் போடும். அவள் தட்டினாள், போட்டது. எனக்கு அந்த நாலு எழுத்தும் எங்கே இருக்கின்றன என்று காட்டினாள். நானும் தட்டினேன். எனக்கும் போட்டது. இந்த வீட்டில் கூப்பிட்ட உடனே பதில் சொல்கிற ஒன்று வந்திருக்கிறது என்று மகனுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

அது ஏன் அவ்வளவு கெதியாகப் பதில் சொல்கிறது என்றும் விளங்கப்படுத்தினாள். மற்றவை எல்லாம் ஒன்றைக் கேட்டால் உள்ளே போய் எழுதிவைத்த இடத்தில் தேடிப் பார்த்துத்தான் சொல்லுமாம். இது எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்திருக்குமாம். எங்கள் பழைய கொம்பியூட்டருக்கு அதுதான் தோது. சனம் ஒரே நேரத்தில் வந்து நெரிக்கும்போது யோசித்துக்கொண்டு நிற்காது. எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பு வந்தது. நானும் ஒன்றையும் எழுதிவைத்தவள் இல்லை.

"அதுக்கு ஏதாவது சொல்லிவையுங்கோ மாமி. பிறகு கேட்டுப் பாப்பம், ஞாபகம் வைச்சிருக்கோ எண்டு."

கொம்பியூட்டர் இருந்தது என் நிறைகுட மேசையில். தேக்குமேசை, என் கலியாணத்துக்கு வந்தது. சாமி வீதிவலம் வரும்போது ஒவ்வொரு படலையிலும் வெள்ளைத் துணி விரித்த மேசையில் நிறைகுடம் வைத்து, பக்கத்தில் விளக்கு ஏற்றி வரவேற்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு அந்த மேசைதான், வேறு மேசை நான் வைத்ததில்லை. விறாந்தையில் அளவாக நிற்கிறது என்று அவள் அதைக் கொம்பியூட்டருக்கு எடுத்தபோதே சொன்னேன், சாமி வரும்போது மேசை எனக்கு வேண்டும் என்று. ஓம் மாமி என்றாள். ஆகையால் இப்போது அதையே சொன்னேன்.

"எழுது. சாமி வரேக்க மேசை மாமிக்கு."

தட்டினாள். கேட்டாள். அது அப்படியே திருப்பிச் சொன்னது. எனக்கு நிம்மதி.

அன்று பின்னேரம் கரண்ட் போனது. வந்த பிறகு கேட்டால் அதற்கு மேசையும் தெரியவில்லை, மாமியும் தெரியவில்லை. "நில்" என்று இங்கிலீசில் காட்டியது. ஒன்றும் இல்லை என்று அர்த்தமாம். நினைவில் இருப்பதைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறைதான் அது உள்ளே எழுதிவைக்குமாம், அதற்கு முதல் கரண்ட் போனால் போனதுதானாம். எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. நான் பிறந்த ஊரில் கரண்டே இருக்கவில்லை, நான் ஒன்றையும் மறந்ததும் இல்லை. அவள் மகனிடம் சொல்லி, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற கறுப்புப் பெட்டி ஒன்று வாங்குவித்தாள். இனிப் பயமில்லை என்றாள். ஆனால் மேசையை ஒருவரும் திரும்ப எழுதவில்லை. அது மறந்தது சரி, அது மெசின். இவள் மறந்ததற்கு என்ன சொல்வது?

திருவிழா வந்தது. பெட்டிக்குத்தான் பெரும்பாடு. கடைசியில் இறங்குதுறையில் மீன் எடுக்கிற மூதூர் முதலாளி ஒருவர் தன் பிளாஸ்ரிக் மீன் பெட்டிகளைத் தந்தார். கோயில் காரியம் என்று கேள்விப்பட்டு, தேசிக்காய்ப் புளி விட்டுத் தானே நின்று கழுவுவித்து லொறியில் அனுப்பினார். நாங்கள் மேலே மஞ்சள் தண்ணியும் தெளித்தோம். வெயில் ஏற ஏற அது ஒருவிதமாக மணந்தது என்பது உண்மைதான்.

பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒழுங்கை முழுக்க விரதம், மரக்கறிச் சாப்பாடு. சாமி வாற வழியில மீன் பெட்டியோ?"

"செருப்பு மட்டும் என்ன, சந்தனத்திலயே செய்தது?" என்றேன். அதோடு அவள் மூக்கை விட்டுவிட்டாள்.

காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மருமகள் வெளிர்நீலச் சீலை உடுத்து மேசைக்கு முன்னால் இருந்தாள். நம்பர் சொல்வார்கள், தட்டுவாள், பெட்டி நம்பர் வரும், சங்கத்துப் பெண்கள் செருப்பைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். நான் என் கதிரையில் இருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் எழும்பவில்லை.

சாமி வெளியே வருகிற நேரம் நெருங்க நெருங்கச் சனம் குவிந்தது. அந்த நெரிசலில்தான் சேரும் வந்தார். மெலிந்த மனிசன், என் கடைசி மகனைவிட இளையவர், மினுக்கின கறுப்புச் சப்பாத்து. மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று, நம்பரைச் சொல்லி, சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தார். இதுதான் சோதனை என்று எனக்கும் விளங்கியது. மருமகள் அவருடைய நம்பரை இன்னொருதரம் கேட்டாள். தட்டினாள், பெட்டி நம்பர் வந்தது. சப்பாத்து படலையடியில் இருந்த பெட்டிக்குப் போனது. பிறகு பெட்டி அடுக்கின விதத்தைக் காட்ட அவரை முற்றத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

அப்போது மேளம் ஒழுங்கை முனையில் திரும்பியது.

நான் குடத்தில் தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். மேசை மட்டும்தான் இல்லை. கூப்பிட்டேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். சாமி அடுத்த வீட்டுக்கு முன்னால் வந்துவிட்டது. அந்த வீட்டுப் படலையில் குடம் பளபளவென்று இருக்கிறது. எங்கள் படலை மொட்டையாக இருக்கிறது. இந்த ஒழுங்கைக்கு நான் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல். சண்டை நடந்த காலத்தில்கூட என் படலை மொட்டையாக இருந்ததில்லை.

நான் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரைப் பிடித்தேன். திரையைத் தூக்கிக் கதிரையில் வைத்தோம். கொம்பியூட்டர்ப் பெட்டியைத் தரையில் இறக்க வயர் எட்டவில்லை, ஆகையால் சுவரில் இருந்த வயரைக் கழற்றினேன். கறுப்புப் பெட்டி கீச்கீச் என்று கத்தத் தொடங்கியது. அதில் ஒரு பொத்தான் இருந்தது. அது வாய் மூடும்வரை அமத்திப் பிடித்தேன். மேசையைப் படலைக்குக் கொண்டுபோனோம். வழியில் நின்ற மீன் பெட்டிகளை அவர்கள் காலால் ஒதுக்கினார்கள். துணி விரித்து, குடம் வைத்து, விளக்கை ஏற்றவும் சாமி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஐயர் தீபம் காட்டினார். என் நெஞ்சு நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

திட்டவில்லை. ஓடிப்போய்க் கொம்பியூட்டரைத் தரையிலேயே வைத்து வயரைக் கொழுவினாள். அது தன்பாட்டில், அவசரம் இல்லாமல், ஒவ்வொரு வெளிச்சமாகப் போட்டுக்கொண்டு எழும்பியது. உள்ளறையைத் திறந்தாள். பிங் என்று தட்டினாள். உடனே பொங் என்றது. ஒன்றும் நடக்காத மாதிரி. எனக்கு அதுதான் கோபம். சேரின் நம்பரைத் தட்டினாள். நில்.

காலையில் வந்தவர்களின் நம்பர் எல்லாம் இருந்தது. அது கடைசியாக எழுதிவைத்ததற்குப் பிறகு வந்தவர்களின் நம்பர் ஒன்றுமே இல்லை. பிறகு வந்தவர்கள்தான் கன பேர். சாமியும் கடந்துபோக, எல்லோரும் ஒரே மூச்சில் செருப்புக்கு வந்தார்கள்.

என்ன சத்தம். ஒருவர் தன் போன் நம்பரைக் கத்திக் கத்திச் சொன்னார், கத்தினால் கொம்பியூட்டருக்கு ஞாபகம் வரும் என்பது போல. வெளிநாட்டில் இருந்து வந்திருந்த ஒரு பெண் தன் செருப்பு எந்த நாட்டில் வாங்கியது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு நின்றாள். சேர் வெறுங்காலோடு சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

மருமகள் திரையில் மிஞ்சியிருந்த நம்பர்களைப் பார்த்தாள். பிறகு எழும்பிச் சொன்னாள், காலையில் வந்தவர்கள் முதலில் வாருங்கள் என்று. அவர்களுடைய நம்பர் இருந்ததால் அவர்கள் உடனே போனார்கள். அதன் பிறகு செருப்பு மிச்சம் இருக்கிற பெட்டிகள் எல்லாம் அது மறந்தவர்களுடையவை. அவற்றை முற்றத்தில் படங்கு விரித்துச் சோடி சோடியாகப் பரப்பினாள். சனத்தைச் சுற்றிவர நிற்கவைத்தாள். ஒவ்வொருவராக நடுவில் வந்து, எல்லோரும் பார்த்திருக்க, தன் சோடியைத் தானே எடுக்க வேண்டும். வருஷா வருஷம் புதுச்செருப்போடு போகிற ஒரு மனிசன் எனக்குத் தெரியும். அவர் நடுவில் வந்து, நல்ல சோடிகளை எல்லாம் ஒருதரம் பார்த்து, எங்களையும் ஒருதரம் பார்த்து, தன் வார் அறுந்ததை மாட்டிக்கொண்டு போனார். அதற்காகவே எனக்கு அந்த நாள் பிடித்திருந்தது.

படங்கு காலியானது. சேரின் சப்பாத்து அதில் இல்லை.

சனம் சேரின் வெறுங்காலைப் பார்த்தது. அந்த அந்தரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் போய் நிறைகுட மேசையின் துணியை மடிக்கத் தொடங்கினேன். துணியைத் தூக்கினால், மேசைக்குக் கீழே மீன் பெட்டி, அதற்குள் சப்பாத்து. ஒதுக்கினவர்கள் அதை மேசைக்குக் கீழே தள்ளியிருக்கிறார்கள். சாமி அவ்வளவு நேரம் நின்று தீபம் கண்டது அதற்கு நேர் முன்னால். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சப்பாத்தை எடுத்துச் சேரிடம் கொடுத்தேன்.

சேர் அதைப் போட்டுக்கொண்டே கேட்டார், ஏன் இப்படி நடந்தது என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. "கரண்ட் போகும் எண்டு மட்டும்தான் யோசிச்சனான், சேர். வயரை ஆரும் கழட்டுவினம் எண்டு யோசிக்கேல்லை. வாறதை உடனுக்குடன் எழுதிவைக்கவும் சொல்லேல்லை. அது என்ர பிழை."

"அவளின்ர பிழை இல்லை," என்றேன். "கழட்டினது நான். சாமி வந்து நிக்கேக்க குடத்தை என்ர தலையிலயே வைக்கிறது?"

சனம் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. இன்றைக்குப் பாஸ் போட ஏலாது என்றார். தீர்த்தத் திருவிழாவன்று வருவேன், அன்றைக்கு ஒன்று பார்ப்பேன் என்றார். வயரை அன்றைக்கும் கழற்ற வேண்டும், கழற்றியும் ஒன்றும் மறக்கக்கூடாது.

மருமகளுக்கு என்னோடு கோபம் என்றால் அவள் பேசாமல் இருக்க மாட்டாள், அளவுக்கு மேல் மரியாதையாகக் கதைப்பாள். மாமி, தேத்தண்ணி தரலாமா. மாமி, இந்தக் கதிரையை எடுக்கலாமா. தரலாமா, எடுக்கலாமா என்று அவள் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. தாராளமாக எடு பிள்ளை என்று நானும் மரியாதையாகச் சொன்னேன். இரண்டு பேரும் ரேடியோவில் வருகிறவர்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டு திரிந்தோம். மகன் வேலைக்கு நேரத்தோடு போகத் தொடங்கினான்.

ஒருநாள் வெயில் நேரம், கிணற்றடியில் அவளுடைய குரல் கேட்டது. ஆரோடு கதைக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். கொடியில் உடுப்புக் காயப்போட்டிருந்தாள். அதற்கு முன்னால் நின்று, கையில் உடுப்புக் கவ்வியோடு, கொம்பியூட்டர்ப் பாடம் படிப்பிக்கிறாள். நினைவில் இருப்பது என்றால் என்ன, எழுதிவைப்பது என்றால் என்ன, எல்லாம் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி. என் மகனின் சாரம் முன் வரிசையில் இருந்தது. என் உள்பாவாடைக்கு ஏதோ விளங்கவில்லை போல, அதற்குத் திரும்பவும் ஒருதரம் சொன்னாள். நல்ல ரீச்சர்தான்.

நான் சத்தம் போடாமல் திரும்பி உள்ளே வந்தேன். புட்டு அவிக்க ஆரும் இல்லாவிட்டால் நான் அவிப்பேன் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

தீர்த்தத்துக்கு முதல்நாள் பக்கத்து வீட்டுக்குப் போனேன். நான் அங்கே ஒன்றும் இரவல் கேட்டுப் போகிற ஆள் இல்லை. அவள்தான் என்னிடம் சீனி கேட்டு வருவாள். படலையில் நின்றபடி, உன்ர சின்ன மேசை நாளைக்கு சும்மாதானே கிடக்கும் என்று கேட்டேன்.

"ஏன் அக்கா, உங்கட தேக்குமேசை?"

"அதில கொம்பியூட்டர் இருக்கு," என்றேன். அவள் மேசையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள், ஒழுங்கை முழுக்கப் பார்க்கும்படி.

தீர்த்தத்தன்று சாமி கடலுக்குப் போய்த் திரும்புகிற நாள், சனம் இன்னும் அதிகம். மருமகள் அந்த டேட்டாபேஸைத் திருத்தியிருந்தாள். இப்போது அது நினைவிலும் வைத்திருக்கும், வந்த கையோடு உள்ளே ஒரு வரி எழுதியும் வைக்கும். கொஞ்சம் மெதுவாகுமாம். ஆகட்டும்.

சேர் வந்தார். நம்பர் சொன்னார், சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தார், பெட்டிக்குப் போனது. அவ்வளவுதான். உடனே என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இப்ப கழட்டுங்கோ."

"நானோ?"

"போன முறை நீங்கள்தானே கழட்டினனீங்கள்."

நான் எழும்பி மேசையடிக்குப் போனேன். குனிந்து வயரைப் பிடித்தேன். போன முறை இந்தக் கை எவ்வளவு கெதியாகக் கழற்றியது. இந்த முறை ஏலாமல் போய்விட்டது. வரிசையில் நிற்கிற அத்தனை பேரின் செருப்பும், கிணற்றடியில் நின்று படிப்பித்தவளும், எல்லாம் அந்த வயருக்குள் இருக்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. பிடித்தபடி நின்றேன். முதுகு நோகிறது என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன்.

"கழட்டுங்கோ மாமி," என்றாள் மருமகள். "எனக்குப் பயமில்லை."

கழற்றினேன். கறுப்புப் பெட்டி கத்தியது. இந்த முறை அதன் வாயை அவள்தான் மூடினாள். திரை இருண்டது. பிறகு கொழுவினோம். அது வழக்கம்போல அவசரம் இல்லாமல் எழும்பியது. உள்ளறை திறந்தது. தட்டுகிற பலகையை என் பக்கம் நகர்த்தினாள். அந்த நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தேடி நானே தட்டினேன்.

பொங்.

"அது உயிரோட இருக்கு எண்டுதான் அதுக்கு அர்த்தம், மாமி. நினைவு இருக்கோ எண்டு இனித்தான் பாக்கோணும்," என்றாள். சேரின் நம்பரைத் தட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது சேர் தானே போய்ப் பெட்டியில் இருந்து சப்பாத்தை எடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் சிலரின் நம்பரையும் கேட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தது.

"பாஸ்," என்றார்.

மருமகள் அடுத்தவரின் நம்பரைக் கேட்டாள். மூக்கை மட்டும் முந்தானையால் துடைத்தாள், மீன் பெட்டி மணத்தது போல.

இப்போது அவள் பின்னேரங்களில் சைக்கிள் கடை மாடியில் படிப்பிக்கிறாள். புட்டு நான் அவிக்கிறேன். என் புட்டு அவளுடையதைவிட நல்லது, இதை மகனும் ஒத்துக்கொண்டிருக்கிறான். எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது.

ஆனால் போன கிழமை சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்க, மூன்று பெண்கள் என்னைப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். ஒருத்தி வந்து, நீங்கள் ரீச்சரின்ர மாமியோ என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்போதுதான் விஷயம் வந்தது. ஒவ்வொரு புது வகுப்புக்கும் என் மருமகளின் முதல் பாடம் நானாம். கொம்பியூட்டரில் எதை வைத்தாலும், கரண்ட் போகுமா என்று மட்டும் யோசிக்காதீர்கள், வீட்டில் ஒரு மாமி இருக்கிறாவா என்றும் யோசியுங்கள் என்று தொடங்குவாளாம். வகுப்பே சிரிக்குமாம்.

சிரிக்கட்டும். ஆனால் சாமி படலைக்கு வந்துவிட்டது என்பதை அவள் அதில் சொல்கிறாளோ? நான் இரண்டு தரம் கூப்பிட்டதைச் சொல்கிறாளோ? மேசையைத் தருவதாக ஓம் என்றதைச் சொல்கிறாளோ? இல்லையாம், கேட்டேன். அதனால்தான் என் பக்கத்தை நான் எழுதுவிக்கிறேன். அவள் நல்லாகப் படிப்பிக்கிறாள் என்பதையும் எழுதியிருக்கிறேன், அது உண்மையாக இருக்கிறபடியால்.

படலை திறக்கிற சத்தம் கேட்கிறது, அவள் வந்துவிட்டாள். எங்கே, முதலில் இருந்து வாசி பிள்ளை. அவசரப்படாதே. குசினிக்குக் கேட்கிற மாதிரி வாசி.